வீட்டு முற்றத்தில் ஒரு சர்க்கஸ்: சின்னப் பிள்ளைகளுக்கான புலன் விளையாட்டு, முழுமையான வழிகாட்டி

சர்க்கஸ் விளையாட்டு என்று தேடினால் பெரும்பாலும் ஒரே மாதிரிப் படம்தான் வருகிறது: கலர் அரிசி கொட்டிய தட்டு, அதில் பிளாஸ்டிக் யானை, பக்கத்தில் உட்கார்ந்து அள்ளிக் கொட்டும் பிள்ளை. அதில் தப்பொன்றும் இல்லை, நாமும் பின்னால் ஒரு தட்டு வைக்கத்தான் போகிறோம். ஆனால் சர்க்கஸில் உட்கார்ந்திருப்பவர்கள் டிக்கெட் எடுத்தவர்கள் மட்டும்தான். கம்பிமேல் நடக்கிறவருக்கும் ஊஞ்சல் பாரில் தொங்குகிறவருக்கும் கண்ணைவிட அதிகமாக வேலை செய்வது வேறு இரண்டு புலன்கள். உள்காதில் இருக்கும் சமநிலைப் புலன் ஒன்று: தலை எந்தப் பக்கம் சாய்கிறது, உடம்பு சுற்றுகிறதா நிற்கிறதா என்று அதுதான் சொல்கிறது. தசையும் மூட்டும் தரும் உணர்வு மற்றொன்று: கண்ணை மூடினாலும் கை எங்கே இருக்கிறது, எவ்வளவு பலம் கொடுக்கிறோம் என்று தெரிவது அதனால்தான். பள்ளிக்கூடத்து ஐம்புலன் பட்டியலில் இரண்டும் இல்லாததால் வீட்டு விளையாட்டிலும் விட்டுப்போகின்றன.

அதனால் இங்கே உடம்புக்கு முதல் இடம், தட்டுக்கு இரண்டாம் இடம். 2 முதல் 6 வயது வரை உள்ள பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். பொருட்களுக்காகக் கடைக்கு அலைய வேண்டாம். கயிறு, கதம்பை (தேங்காய் மட்டை), சிரட்டை, கமுகம்பாளை (பாக்கு மரத்து மட்டை), பூவரசு இலை என்று குமரி மாவட்டத்து வீட்டைச் சுற்றிக் கிடப்பதே முக்கால்வாசிக்குப் போதும்.

தொடங்கும் முன் சில ‘வேண்டாம்’கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். 3 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை எதையும் வாயில் போடும். சுமார் 3 சென்டிமீட்டர் குழாய்க்குள் நுழையும் அளவுள்ள எந்தப் பொருளும் அதன் தொண்டையை அடைக்கக்கூடும். அந்த வயதில் புளியங்கொட்டை, மஞ்சாடி முத்து, கோலி எல்லாம் விளையாட்டுத் தட்டுக்கு வெளியேதான். குன்றிமணி எந்த வயதிலும் வேண்டாம். சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த அந்த விதை கடும் விஷம். தண்ணீரில் ஊறிப் பெருக்கும் ஜெல் மணிகளும் வேண்டாம். விழுங்கினால் குடலுக்குள்ளும் பெருக்கும்.

சர்க்கஸ் என்றதும் பலூன் நினைவு வரும். நம் ஊர் ரப்பர் பாலில் செய்ததுதானே என்று பாசம் காட்ட வேண்டாம். வெடித்த பலூன் துண்டு மூச்சுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு. சோளப்பொரியும் 4 வயது வரை வேண்டாம்.

கடைசியாக ஒன்று. கன்னியாகுமரியில் பாக்கெட் போட்டு விற்கும் கலர் மணலும், மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலும் பார்க்க அழகுதான். ஆனால் கருமணலில் இல்மனைட், கார்னெட் என்ற தாதுக்களோடு, கதிர்வீச்சு உள்ள தோரியம் கலந்த மோனசைட்டும் இருக்கிறது. கடற்கரையில் விளையாடிவிட்டு வருவது ஒன்று, அள்ளிக்கொண்டு வந்து வீட்டுத் தட்டில் போட்டு வைப்பது வேறொன்று. அதை விட்டுவிடலாம்.

கூடாரம்

இரண்டு பழைய சேலை, ஒரு துணிக்கொடி. அவ்வளவுதான். கொடியின் நடுவில் சேலைகளைப் போட்டு, முந்திகளை நான்கு பக்கமும் இழுத்து செங்கல்லோ தண்ணீர் நிரப்பிய பாட்டிலோ வைத்து அழுத்துங்கள். முனைகளைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டாதீர்கள். ஓடுகிற பிள்ளையின் கழுத்து உயரத்தில் வந்து நிற்கும். சிவப்பு, மஞ்சள் சேலைகளாக இருந்தால் உள்ளே வெளிச்சமே நிறம் மாறிவிடும், பிள்ளைகள் தங்கள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆனி, ஆடிச் சாரலிலும் ஐப்பசி அடைமழையிலும் முற்றத்தை நம்ப முடியாது. அப்போது கூடாரத்தை வராந்தாவுக்கு மாற்றுங்கள். ஊஞ்சலையும் தண்ணீரையும் தவிர மற்ற எல்லாம் அங்கே நடக்கும்.

வளையம்

சர்க்கஸ் ஏன் வட்டமாக நடக்கிறது? 1768-ல் லண்டனில் பிலிப் ஆஸ்ட்லி என்ற முன்னாள் குதிரைப்படை வீரர், வட்டத்தில் ஓடும் குதிரைமேல் நின்று வித்தை காட்டத் தொடங்கினார். வட்டமாக ஓடும்போது குதிரையும் ஆளும் உள்பக்கம் சாய்ந்து சமநிலை பிடிக்கலாம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 42 அடி விட்டமுள்ள வளையம் அப்படித்தான் சர்க்கஸின் அளவாக நிலைத்தது. நம் நாட்டில் 1880-ல் விஷ்ணுபந்த் சத்ரே பம்பாயில் தன் சர்க்கஸை அரங்கேற்றினார். பிறகு 1901-ல் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் கேரளத்துத் தலச்சேரியில் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். பல காலம் இந்திய சர்க்கஸ்காரர்களில் பெரும்பங்கு அந்தப் பக்கத்து ஆட்களாக இருந்ததற்கு இதுதான் காரணம்.

உங்கள் முற்றத்துக்கு 8 அடி விட்டம் போதும்.

1. நடுவில் ஒருவரை நிற்க வைத்து 4 அடிக் கயிற்றின் ஒரு நுனியைப் பிடிக்கச் சொல்லுங்கள். மறு நுனியில் சுண்ணாம்புக் கட்டியைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தால் வட்டம் கிடைக்கும். மண் தரையானால் குச்சியால் கீறலாம்.
2. அந்தக் கோட்டின்மேல் தடித்த கயிற்றைப் போடுங்கள். கயிறு இல்லையென்றால் பழைய சேலையை முறுக்கிப் போடலாம். குறைந்தது உங்கள் பெருவிரல் தடிமன் இருக்க வேண்டும்.
3. பிள்ளையை வெறுங்காலோடு கோட்டுக்கு வெளியே மெதுவாக ஓட விடுங்கள். அப்புறம் வேகமாக. வேகம் கூடக்கூட உடம்பு தானாக உள்ளே சாய்வதைக் கவனியுங்கள். பிறகு திசையை மாற்றுங்கள். ஆஸ்ட்லியின் குதிரை செய்ததைத்தான் பிள்ளையும் செய்கிறது, ஆனால் அதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

கயிற்று நடை

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

தரையில் கிடக்கும் அதே கயிறுதான். விழுந்தாலும் விழுவதற்கு உயரம் கிடையாது. பிள்ளை முதல் அடி வைக்கும்போது அதன் கால்விரல்களைப் பாருங்கள்: கயிறு காலடியில் உருளத் தொடங்கியதும் ஐந்து விரலும் மடங்கிக் கயிற்றைப் பிடிக்கப் பார்க்கும், கைகள் தாமாக விரியும், நாக்கு வெளியே வந்துவிடும். யாரும் சொல்லிக் கொடுத்தது இல்லை.

முதல் படி, உங்கள் ஒரு விரலைப் பிடித்துக்கொண்டு நடப்பது. கையை முழுசாகக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் சமநிலை உங்களுடையதாகிவிடும், பிள்ளையுடையதாக இருக்காது. அடுத்து விரலும் இல்லாமல். அதன்பின் கையில் ஒரு கோல்: ஒட்டடைக் கம்பில் 4 அடி நறுக்கினால் சரியாக இருக்கும். நுனிகளில் சிராய் இல்லாமல் தேய்த்துவிட்டு, துணியில் கட்டிய ஒரு கைப்பிடி அரிசியை இரண்டு பக்கமும் தொங்கவிடுங்கள். கம்பிமேல் நடக்கிறவர்கள் நீளக் கோல் பிடிப்பது அழகுக்கு இல்லை. எடை இரண்டு பக்கமும் தள்ளி இருக்கும்போது உடம்பு சட்டென்று சாயாது, திருத்திக்கொள்ள ஒரு நொடி கூடுதலாகக் கிடைக்கும். ஒரு பக்க மூட்டையை மட்டும் கழற்றிவிட்டு நடக்கச் சொல்லுங்கள். இரண்டே அடியில் பிள்ளையே தோளைச் சாய்த்துச் சரிசெய்துகொள்ளும்.

4 வயதுக்கு மேல் ஒரு படி கூட்டலாம்: இரண்டு செங்கல்மேல் அகலப் பலகை, பக்கத்தில் நீங்கள். பலகை ஆடக்கூடாது. அதற்கு மேல் உயரம் இந்த வயதில் தேவையே இல்லை.

யானை

கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கி வித்தை காட்டக்கூடாது என்று மத்திய அரசு 1998-லேயே அறிவித்துவிட்டது. நம் வீட்டு சர்க்கஸிலும் சாட்டை பிடித்த ஆள் வேண்டாம் என்பது என் கருத்து. பிள்ளையே விலங்காகட்டும், அதுதான் உடம்புக்கும் நல்லது.

“மக்ளே, யானை எப்படி நடக்கும்?” என்று கேட்டால் பாதிப் பிள்ளைகள் ஒரு கையை மூக்கில் வைத்து ஆட்டும். அது போதாது. நான்கு காலில், முட்டி தரையில் படாமல், பின்பக்கம் தூக்கி நடக்க வேண்டும். தோளிலும் மணிக்கட்டிலும் உடம்பின் பாரம் இறங்கும். பாரம் தூக்குவது, இழுப்பது, தள்ளுவது எல்லாம் தசைப் புலனுக்குத் தீனி. நாள் முழுக்க ஓடித்திரியும் பிள்ளைகளில் பலர் இதற்கப்புறம் கொஞ்சம் அடங்குவதைப் பார்க்கலாம்.

துவர்த்தை (துண்டை) எடுத்துச் சுருட்டி நாடாபோலத் தலையில் கட்டி முன்னால் தொங்கவிட்டால் தும்பிக்கை. யானைக்கு வேலை கொடுங்கள்: துணிப்பையில் ஒரு தேங்காயைப் போட்டு வளையத்தைச் சுற்றி இழுத்து வர வேண்டும். தூக்கச் சொல்லும் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம்; இழுப்பது கொஞ்சம் கூடலாம்.

அடுத்து பாளை வண்டி. விழுந்த கமுகம்பாளையில் ஒரு பிள்ளையை உட்கார வைத்து ஓலைப் பக்கத்தைப் பிடித்து இழுப்பது நம் ஊரில் யாரும் கற்றுத் தர வேண்டிய விளையாட்டு இல்லை. வீட்டில் பாட்டா (தாத்தா) இருந்தால் அவரிடம் விட்டுவிடுங்கள். வட்டமாக இழுக்கச் சொல்லுங்கள், அதுதான் இங்கே புதிது. திருப்பத்தில் பாளை வெளியே சறுக்கும், உள்ளே இருப்பவர் எதிர்ப்பக்கம் சாய்ந்து பிடித்துக்கொள்வார்.

ஊஞ்சல்

ஓணத்துக்குப் போட்ட ஊஞ்சல் இருந்தால் அதுவே போதும். புதிதாகப் போடுவதானால் மாவிலோ புளியிலோ போடுங்கள், முருங்கையில் வேண்டவே வேண்டாம், சட்டென்று முறியும். உட்காரும் பலகை பிள்ளையின் முட்டி உயரத்தில், கீழே மணலோ உலர்ந்த இலையோ பரப்பியிருக்க வேண்டும். பலகையில் வயிறு படும்படி குப்புறப் படுத்து ஆடுவதுதான் நம் டிரபீஸ், அதாவது சர்க்கஸின் பார் ஊஞ்சல். தரையில் ஒரு கூடை வைத்து, ஆடிக்கொண்டே துணிப்பந்தை அதில் போடச் சொல்லுங்கள்.

முன்னும் பின்னும் மெதுவாக ஆடுவது பிள்ளையை அமைதியாக்கும், சுற்றுவது கிளப்பிவிடும். கயிற்றை முறுக்கிவிட்டுச் சுற்ற விடுவதானால் ஐந்தாறு சுற்று போதும், அப்புறம் எதிர்த்திசை. முகம் வெளுத்தாலோ வியர்த்தாலோ நிறுத்திவிடுங்கள். குமட்டல் சில பிள்ளைகளுக்கு விளையாட்டு முடிந்து அரைமணி கழித்துத்தான் வரும். அதனால் சாப்பாட்டுக்குப் பிறகு இது வேண்டாம். ஆடி முடித்ததும் கயிற்றை எடுத்து மேலே சுற்றி வைத்துவிடுங்கள். தனியாக இருக்கும் பிள்ளைக்குத் தொங்கும் கயிறு ஆபத்து.

தரை: கோக்கோபீட் தட்டு

ஓடியாடி வந்த பிள்ளை இப்போது உட்காரும். சர்க்கஸ் வளையத்தில் மரத்தூள் பரப்புவது வழக்கம். நாம் மரத்தூள் எடுக்க வேண்டாம். மெல்லிய தூள் மூச்சில் ஏறும், ரப்பர் மரத்துத் தூளானால் பூச்சி மருந்து ஏற்றியதாக இருக்கும். பதிலாகத் தென்னை நார்த்தூள். நர்சரியில் ‘கழுவிய கோக்கோபீட்’ என்று கேட்டு வாங்குங்கள். கழுவாததில் உப்பு இருக்கும், பிள்ளையின் கையில் சிறு கீறல் இருந்தாலும் எரியும். உரம் கலந்ததும் வேண்டாம்.

650 கிராம் கட்டி ஒன்று, அகலமான தொட்டி ஒன்று, 3 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர். கட்டியைத் தொட்டியில் வைத்துப் பிள்ளையையே ஊற்றச் சொல்லுங்கள், ஒரு சிரட்டை, ஒரு சிரட்டையாக. அவசரப்படாதீர்கள், இதுவே ஒரு காட்சி. முதலில் தண்ணீர் மேலே நின்று, பிறகு உள்ளே போகும்போது மெல்லிய சீறல் கேட்கும். ஓரங்கள் வெடித்து உதிரும், நடுவில் மட்டும் கொஞ்ச நேரம் கல்லாக நிற்கும். பிள்ளை விரலை உள்ளே விட்டால் மேலே சில்லென்றும் அடியில் இளஞ்சூடாகவும் இருக்கும். கால்மணி நேரத்தில் செங்கல் அளவுகூட இல்லாத கட்டி சுமார் 8 லிட்டர் தூளாகி நிற்கும். பிழிந்தால் தண்ணீர் சொட்டாமல், விட்டால் உதிரும் பதம்தான் சரி.

அந்தத் தரையில் சிரட்டையைக் கவிழ்த்தால் கூடாரம். காய்ந்த கதம்பை ஒரு பாதி கொடுத்தால் அது சிங்கம்: நாரை விரலால் பிய்த்துப் பிய்த்துப் பிடரியாக விரித்துவிட வேண்டும். 3 வயது விரலுக்கு அது நல்ல வேலை. கண்ணைக் கரியால் வரையலாம். பெரிய மரப் பொம்மைகளைத் தூளுக்குள் புதைத்துவிட்டுக் கண்ணைக் கட்டித் தேடச் சொல்லலாம். கண் கட்டினால் அழும் பிள்ளைக்குத் தொட்டிமேல் துண்டைப் போட்டுக் கையை மட்டும் உள்ளே விடச் சொல்லுங்கள்.

கலர் அரிசித் தட்டுதான் வேண்டும் என்றால் ஒரு கப் அரிசிக்கு ஒரு தேக்கரண்டி வினிகர், உணவுக் கலர் நாலைந்து சொட்டு. டப்பாவில் போட்டுக் குலுக்கி நிழலில் உலர்த்துங்கள். வீட்டில் ஆச்சி இருந்தால் “சோத்த வச்சா வெளயாடுவா?” என்று ஒரு அதட்டல் வரும். வண்டு விழுந்த அரிசியை எடுத்தால் அதையும் சமாளிக்கலாம்.

இன்னும் வாயில் வைக்கிற பிள்ளைக்கு உப்புப் போட்ட மாவு வேண்டாம், கொழுக்கட்டை மாவு போதும். ஒரு கப் அரிசி மாவில் கொதிக்கும் தண்ணீரைப் பார்த்துப் பார்த்து ஊற்றி, ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டு, ஆறியதும் பிசைந்து கொடுங்கள். ஒரு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம்.

மந்திரவாதி

பத்துப் பதினைந்து சங்குப்பூவைப் பறித்து ஒரு டம்ளர் வெந்நீரில் போடுங்கள். வெந்நீர் உங்கள் வேலை. ஆறியதும் ஆழ்ந்த நீலம். மூன்று கண்ணாடிக் கிண்ணத்தில் பிரித்து, ஒன்றில் எலுமிச்சையைப் பிள்ளை பிழியட்டும். நீலம் ஊதாவாகி ரோஜா நிறத்துக்குப் போகும். இன்னொன்றில் ஒரு சிட்டிகை ஆப்பசோடா. அது பச்சையை நோக்கி நகரும். கடைசியில் இரண்டையும் கலந்தால் நுரை. எலுமிச்சையின் புளிப்புக்கும் ஆப்பசோடாவின் காரத்தன்மைக்கும் ஏற்ப நிறம் மாறும் சாயம் அந்தப் பூவில் இருப்பதுதான் ரகசியம். பெரிய பிள்ளைகளிடம் சொல்லலாம், சின்னதுகளுக்கு மந்திரமாகவே இருக்கட்டும். கழுவிய மருந்து டிராப்பரைக் கொடுத்தால் சொட்டுச் சொட்டாக அரைமணி ஓடும்.

அதே மந்திரவாதிக்கு மூக்கு வித்தையும் உண்டு. மூடிய டப்பாக்களில் மாறாமலைக் கிராம்பு, மட்டி வாழைப்பழம், பிச்சிப்பூ, கருப்பட்டி. கண்ணை மூடி மோந்து சொல்ல வேண்டும். தைரியம் இருந்தால் ஒரு துண்டு ரப்பர் ஷீட் வையுங்கள். ரப்பர் தோட்டம் நிறைந்த குலசேகரம் பக்கத்துப் பிள்ளையானால் டப்பாவைத் திறக்கும் முன்பே சொல்லிவிடும்.

கோமாளி

சாயம் பூசிய முகத்தைப் பார்த்துப் பயப்படும் பிள்ளைகள் அதிகம். தெரிந்த முகம் திடீரென்று தெரியாததாகிவிடுகிறது. அதனால் மறைவில் போய் வேஷம் போட்டுக்கொண்டு வந்து நிற்காதீர்கள். பிள்ளையின் முன்னாலேயே உட்கார்ந்து, அதன் விரலாலேயே உங்கள் மூக்கில் முதல் சிவப்பை வைக்கச் சொல்லுங்கள். வெள்ளைக்கு அரிசி மாவும் தேங்காய் எண்ணெயும், சிவப்புக்கு பீட்ரூட் சாறு. கடைக் குங்குமம் வேண்டாம். பிள்ளைக்குப் பூசும் முன் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவிச் சிவக்கிறதா பாருங்கள். ‘எனக்கு வேண்டாம்’ என்றால் சரி, கண்ணாடியில் பார்த்து உங்களுக்கு மட்டும் பூசட்டும்.

கண் எரியாத குழந்தை ஷாம்பு இரண்டு கரண்டி, கால் கப் தண்ணீர், மத்து. கடைந்தால் குவியலாக நுரை வரும். கோமாளி ஒருவர்மேல் ஒருவர் எறியும் கேக் இதுதான். கடைவது பிள்ளை, தரை வழுக்காமல் சாக்கு விரிப்பது நீங்கள்.

மேலே தூவ மினுமினுப்புத் தூள் வாங்காதீர்கள். கேந்திப்பூ (செண்டுமல்லி) இதழைக் கழுவி உதிர்த்தால் போதும். தோவாளைப் பூச்சந்தையில் பூ வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கலவையில் அரளி இருக்கக்கூடாது. அது வாயில் போனால் விஷம்.

பேண்டு வாத்தியம்

பூவரசு இலையைச் சுருட்டி நுனியைக் கொஞ்சம் நசுக்கினால் பீப்பி. இரண்டு சிரட்டையைத் தட்டினால் குதிரைக் குளம்பொலி. எண்ணெய் டின் ஒன்று. சிங்காரி மேளம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் மிச்சத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். சத்தம் தாங்காமல் காதைப் பொத்தும் பிள்ளை இருந்தால் கொட்டுக்கு முன்னால் கையைத் தூக்கிக் காட்டி அறிவிக்கும் பொறுப்பை அதற்கே கொடுங்கள். எப்போது வரும் என்று தெரிந்த சத்தம் அவ்வளவு பயமுறுத்தாது.

வரிசையும் நேரமும்

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். ஒரு மாலைக்கு மூன்று: ஓடுவதோ சுற்றுவதோ ஒன்று, பாரம் இழுப்பது ஒன்று, உட்கார்ந்து செய்வது ஒன்று. இதே வரிசையில். சுற்றிவிட்டு நேராகத் தட்டுக்குப் போனால் தட்டு பறக்கும். நடுவில் யானை நடை இருந்தால் பிள்ளை தானாக உட்காரும். 2 வயதுக்காரருக்கு மொத்தமே இருபது நிமிடம் போதும்.

ஈரமான தூளையோ நுரையையோ தொட மறுக்கும் பிள்ளையின் கையைப் பிடித்து உள்ளே அமுக்காதீர்கள். கரண்டி கொடுங்கள், அல்லது தூளைக் கட்டி வைத்த பிளாஸ்டிக் பைமேல் அழுத்தச் சொல்லுங்கள். அதுவும் வேண்டாமென்றால் கையில் ஒரு மணியைக் கொடுத்து வளையத்துக்கு வெளியே நிறுத்துங்கள். யார் எப்போது உள்ளே வரவேண்டும் என்று அறிவிப்பவர் இல்லாமல் சர்க்கஸ் நடக்காது.

எடுத்து வைப்பது

தொட்டி, வாளித் தண்ணீரை அப்போதே கொட்டிவிடுங்கள்; இரண்டு அங்குலத் தண்ணீரிலும் சின்னப் பிள்ளை மூழ்கக்கூடும். கோக்கோபீட்டை வெயிலில் பரப்பிக் காயவைத்துச் சாக்கில் கட்டினால் அடுத்த தடவைக்கு ஆகும். பூசணம் பிடித்தாலோ புளித்த வாடை அடித்தாலோ வாழைத் தடத்தில் கொட்டிவிடலாம். கலர் அரிசியை மூடி இறுகிய டப்பாவில் வையுங்கள், எலியும் எறும்பும் கலர் பார்ப்பதில்லை. நுரை, சங்குப்பூத் தண்ணீர், கொழுக்கட்டை மாவு மூன்றையும் மறுநாளைக்கு எடுத்து வைக்க வேண்டாம்.